விளையாடும் பிள்ளைகளும் மூக்குக் கண்ணாடியும்

நன்றாகப் பந்தாடிக் கொண்டிருந்த உங்கள் பிள்ளை, சில மாதங்களாகக் கைக்கு வரும் பந்தைத் தவற விடுகிறானா? தொலைவில் உள்ளதைக் கண்களைச் சுருக்கிப் பார்க்கிறானா? ‘கவனமில்லை’ என்று கடிந்து கொள்ளும் முன் கண்களைப் பரிசோதியுங்கள். கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தலைகாட்டுகிறது.

தாமல் போன்ற காஞ்சிபுரம் வட்டாரத்து ஊர்களில், பட்டு இழையோடு பழகியவர்களுக்குக் கண்ணின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளைக்குக் கண்ணாடி என்றதும் ‘இனி விளையாட்டு வேண்டாம்’ என்று தடுத்து விடுகிறோம். பெண் பிள்ளையாயின் திருமணக் கவலை வேறு!

இத்தடை தேவையற்றது. 1988 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில், தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளை வீழ்த்திய நரேந்திர ஹிர்வானி கண்ணாடி அணிந்தவரே. முதல்தர கிரிக்கெட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சதங்கள் அடித்த பாகிஸ்தானின் ஜாகிர் அப்பாஸும் அவ்வாறே.

பட்டோடி நவாப் மன்சூர் அலி கானின் நிலை வேறு. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில்லு பாய்ந்து அவரது வலக் கண் பார்வை பெரிதும் பறிபோனது. கான்டாக்ட் லென்ஸ் அணிந்து ஆடிப் பார்த்தார். ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது. லென்ஸை அகற்றிவிட்டு ஒற்றைக் கண்ணையே நம்பி ஆடப் பழகினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டு மார்ச்சில், 21 வயதில், இந்திய அணியின் தலைவரானார். அவருக்கு நேர்ந்தது காயம், லென்ஸால் சீராகவில்லை. உங்கள் பிள்ளைக்கு இருப்பது வெறும் பவர் குறையாயின் அது எளிதில் சீராகும்.

பந்து பட்டால் உடைந்து கண்ணில் பாயக்கூடிய சாதாரணக் கண்ணாடி வில்லை மட்டும் ஆகாது. எளிதில் உடையாத ‘பாலிகார்பனேட்’ வில்லையைக் கேட்டு வாங்குங்கள். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட உறுதியான சட்டமும், தலையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையும் இருத்தல் நலம். முக்காடு அணியும் பெண் பிள்ளைகள் பட்டையை அதனுள்ளேயே அமைத்துக் கொள்ளலாம். ஒரு கண் ஏற்கெனவே பழுதுபட்ட பிள்ளைக்கு, பவர் இல்லாவிடினும் இத்தகைய காப்புக் கண்ணாடி அவசியம்.

கான்டாக்ட் லென்ஸ் பக்கவாட்டுப் பார்வையை மறைக்காது, வியர்வையில் நழுவாது. ஆனால் அடிபடாமல் காக்காது. பொறுப்புள்ள பிள்ளைக்கே அது பொருந்தும். சோப்பிட்டுக் கை கழுவித் துடைத்த பின்னரே தொட வேண்டும். குழாய் நீரில் அலசலாகாது. அணிந்தபடி உறங்கவோ, ஏரியிலும் கிணற்றிலும் நீந்தவோ கூடாது. ஒளுச் செய்கையில் கண்களை மூடிக்கொண்டு முகம் கழுவுதல் போதுமானது. கண் சிவந்து வலித்தால் உடனே அகற்றிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

லேசர் சிகிச்சைக்கு அவசரம் வேண்டாம். 18 வயது நிறைந்து, ஓராண்டுக்கேனும் பவர் மாறாதிருந்த பின்னரே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். ‘லாசிக்’ முறையில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடிப்பை வெட்டித் தூக்குகின்றனர். பலத்த அடி பட்டால் அம்மடிப்பு விலகக்கூடும். கபடி, குத்துச்சண்டை ஆடுவோர் மடிப்பில்லாத முறை தமக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்டறிவது நல்லது.

செலவை எண்ணித் தயங்காதீர்கள். சென்னையில் 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இன்றும் இயங்கி வருகிறது. பரிசோதனைக்குச் செல்லும்போது, பிள்ளை என்ன விளையாட்டு ஆடுகிறான் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.