பழைய பீங்கான் விளக்கு: அடிமுத்திரை மட்டும் வயதைச் சொல்லாது

கொல்கத்தாவின் பழைய மாளிகைகளிலும் மும்பையின் சோர் பஜார் கடைகளிலும் பூவேலைப்பாடு கொண்ட ஐரோப்பிய, ஜப்பானியப் பீங்கான் விளக்குகளை இன்றும் காணலாம். பாகப்பிரிவினையின்போது இத்தகைய விளக்கைப் பெறும் குடும்பத்தினர், பெரும்பாலும் அதன் அடியிலுள்ள முத்திரையைப் பார்த்தே அதன் வயதையும் விலையையும் ஊகிக்கின்றனர். அந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பினால் விற்பவரும் ஏமாறலாம், வாங்குபவரும் ஏமாறலாம்.

ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை 1710-இல் தொடங்கப்பட்டது. குறுக்காக அமைந்த இரு நீல வாள்கள் அதன் முத்திரையாகும். புகழ்பெற்ற இந்த முத்திரையை 19-ஆம் நூற்றாண்டில் பல பட்டறைகள் அப்படியே போலி செய்தன. எனவே முத்திரையை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

எனினும், சில முத்திரைகள் காலத்தைக் கணிக்க உதவும். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களில், உற்பத்தி செய்த நாட்டின் பெயரைக் குறிப்பிடுவது 1891 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதன்படி ஜப்பானியப் பீங்கான்களில் 1921 வரை 'நிப்பான்' என்றும், அதன்பின் 'ஜப்பான்' என்றும் பொறிக்கப்பட்டது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய, 1952-க்கு முந்தைய பொருளாகும்.

கைவண்ணமா, அச்சா?

ஓவியம் கையால் வரையப்பட்டதா என்பதைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டறியலாம். கைவண்ணத்தில் தூரிகையின் இழுப்பும் வண்ணத்தின் ஏற்ற இறக்கமும் தெரியும். ஒரே மாதிரியான இரு பூக்களும் முழுமையாக ஒத்திருப்பதில்லை. அச்சில் சீரான புள்ளிகளோ கோடுகளோ தென்படும். கோட்டுருவத்தை மட்டும் அச்சிட்டு, அதற்குள் கையால் வண்ணம் தீட்டிய விளக்குகளும் உண்டு. அவற்றை முழுக் கைவண்ண விளக்குகளுடன் ஒப்பிட்டு விலை கூறுவது தவறு.

வெண்மையான பால் கண்ணாடி விளக்குகளும் பீங்கான் எனக் கருதி விற்கப்படுகின்றன. பீங்கானின் அடிவிளிம்பு பெரும்பாலும் மெருகுப்பூச்சு இன்றி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கண்ணாடியில் இந்த வேறுபாடு இராது.

துளையும் பர்னரும்

மண்ணெண்ணெய் விளக்குகள் 1850-களில்தான் புழக்கத்துக்கு வந்தன. எனவே மண்ணெண்ணெய் பர்னருடனேயே தயாரிக்கப்பட்ட விளக்கை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கூறுவதை ஏற்க இயலாது. கொல்கத்தாவில் 1899-இல் மின் விநியோகம் தொடங்கியது. மின்சாரம் பரவியபின், எண்ணெய் விளக்குகள் பல, துளையிடப்பட்டு மின்விளக்குகளாக மாற்றப்பட்டன. பூச்சாடிகளும் இவ்வாறே விளக்குகளாக்கப்பட்டன.

அடியிலுள்ள துளையின் விளிம்பு மழமழப்பாக இருந்தால், அது சுடுவதற்கு முன்பே அமைக்கப்பட்டிருக்கலாம். விளிம்பு சிதைந்தும் கரடுமுரடாகவும் இருந்தால், பிற்காலத்தில் துளையிடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பின்னர் துளையிட்ட பொருளின் மதிப்பு கணிசமாகக் குறையும்.

மெல்லிய விரிசல், உடைந்து ஒட்டிய பகுதி, மறுவண்ணம் ஆகியவையும் விலையைக் குறைக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத பழுதுகள் புறஊதா ஒளியில் வேறு நிறத்தில் ஒளிரக்கூடும். மாறாக, மேற்குமிழும் பித்தளைப் பாகங்களும் மாற்றப்படாமல் இருந்தாலோ, விளக்குகள் இணையாகக் கிடைத்தாலோ மதிப்பு உயரும்.

எந்த விலை?

இணையத்தில் விற்பவர் கோரும் விலை, சந்தை மதிப்பு ஆகாது. அதே வகை, அதே அளவு, அதே நிலையிலுள்ள விளக்கு ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையே சரியான ஒப்பீடாகும். காப்பீட்டுக்கான மதிப்பு பொதுவாக விற்பனைத் தொகையைவிட அதிகமாக இருக்கும். ஐரோப்பியப் பீங்கான் தொகுப்பு இடம்பெற்றுள்ள ஐதராபாத் சாலர் ஜங் அருங்காட்சியகத்தை நேரில் காண்பது, தரமான கைவண்ணத்தை அடையாளம் காணக் கண்ணைப் பழக்கும்.

சட்டம் சொல்வது என்ன?

விளக்கின் வயது, விலையை மட்டும் தீர்மானிப்பதில்லை. தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-இன்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமை கொண்ட கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகும். அவற்றை வணிகமாக விற்போர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனிநபர்கள் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது; மீறினால் 6 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். வெளிநாட்டிலுள்ள உறவினருக்குப் பரிசாக அனுப்புவோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வயது குறித்து ஐயம் இருப்பின், பொருள் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகவே பெறுவது பாதுகாப்பானது.

மதிப்பீட்டுக்கு முன் விளக்கைத் தேய்த்துக் கழுவுவதையோ, பித்தளைப் பாகங்களைப் பளபளப்பாக்குவதையோ தவிர்க்க வேண்டும். மெருகுக்கு மேல் தீட்டிய வண்ணமும் பொன்பூச்சும் ஒருமுறை அழிந்தால், விளக்கின் வயதுக்கான சான்றும் அவற்றுடன் அழிந்துவிடும்.