முடக்குவாதம்: யாருக்கு எந்த மருந்து?

வலி மாத்திரை போதாது

முடக்குவாதத்தில் வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும். மூட்டு அரிபடுவது உள்ளே தொடரும். ஸ்டீராய்டு அப்படியல்ல. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஹென்ச்சுக்கு 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும் என்பது பிறகு புரிந்தது. எனவே, முக்கிய மருந்து வேலையைத் தொடங்கும்வரை மட்டும் குறைந்த அளவில் தருகிறார்கள்.

வாரம் ஒருமுறை மட்டும்

அந்த முக்கிய மருந்து பெரும்பாலும் மீத்தோட்ரெக்சேட். ‘இது கேன்சர் மருந்தாமே!’ என்று பயந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. புற்றுநோய்க்குத் தரும் அளவு மிக அதிகம். இங்கே வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: வார மாத்திரையைத் தினமும் விழுங்கிவிடுவது. வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மது கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்; இரண்டாம் வாரமே மருத்துவரை மாற்றுவதில் பயனில்லை.

குழந்தைத் திட்டம் இருந்தால்

முதல் நாளே சொல்லிவிடுங்கள். மீத்தோட்ரெக்சேட், இதே நோய்க்குத் தரும் லெஃப்ளுனமைடு இரண்டும் கருவைப் பாதிக்கும். லெஃப்ளுனமைடு நிறுத்திய பிறகும் நெடுநாள் உடலில் தங்கும். இந்த நோய்க்கான மற்ற மருந்துகளான ஹைட்ராக்சிகுளோரோகுவினும் சல்ஃபாசலசினும் கர்ப்பத்தில் தொடரக்கூடியவை. முன்னதற்குக் கண் பரிசோதனை தேவை. பின்னது ஆண்களின் விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும்.

ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை

இவை போதாதபோது அடலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள். இவை உடலில் உறங்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடியவை. நம் நாட்டில் இதை அலட்சியப்படுத்த முடியாது. மாண்டூ அல்லது இக்ரா பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனை எல்லாம் முடிந்த பிறகே முதல் ஊசி.

ஊசிக்கு மாற்றாகத் தரப்படும் டோஃபாசிட்டினிப், மாத்திரை என்பதால் சாதுவானது என்று எண்ண வேண்டாம். அதற்கும் இதே சோதனைகள் உண்டு. மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் அபாயம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்தது. 50 வயது தாண்டியவர்களும் புகைப்பவர்களும் இதய நோய் உள்ளவர்களும் வேறு மருந்து உண்டா என்று முதலில் கேட்பது நல்லது.