கல்லில் இல்லாத பெயர்கள்

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருந்தது. ஆண்டுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் பள்ளிக்கு வெகு அருகிலேயே அந்தப் பாடம் கல்லாகவும் மண்ணாகவும் கிடக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அந்த இடம் பழவேற்காடு.

முதல் முறை அழைத்துச் சென்றபோது நானே பேசிக்கொண்டிருந்தேன். ஏரிக்காற்று என் குரலை அடித்துச் சென்றது. பிள்ளைகள் படகுகளை வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். முன்கூட்டியே வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: "மிளகும் கிராம்பும் தேடி வந்த டச்சுக்காரர்கள், அவை விளையாத பழவேற்காட்டில் ஏன் கோட்டை கட்டினார்கள்?"

விடை துணியில் இருக்கிறது. இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் நறுமணப் பொருள் வாங்க, அங்குள்ள மக்கள் விரும்பிய சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் தேவைப்பட்டன. விஜயநகர அரசின் அனுமதியோடு இங்கே கால் பதித்த டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம், 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தக் கரையில் அவர்களின் வணிகம் இங்கிருந்துதான் நடந்தது. பருவக்காற்றே கப்பல்களின் கால அட்டவணை.

இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மண்டியிருக்கிறது. ஆனால் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே நிற்கிறது. நுழைவாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்ததும் பிள்ளைகளின் சலசலப்பு அடங்கிவிட்டது. குழுவுக்கு ஒரு கல் என்று பிரித்துவிட்டேன். மொழி புரியாவிட்டாலும் எண்கள் புரியும் அல்லவா? ஆண்டைக் கண்டுபிடித்தார்கள், குடும்பச் சின்னங்களை வரைந்தார்கள், இன்றைக்கு எத்தனை ஆண்டு ஆகிறது என்று கழித்துப் பார்த்தார்கள்.

திரும்பும் முன் மர நிழலில் உட்கார்ந்து இன்னொரு செய்தியையும் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் வாழ்விழந்த மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், அவங்க கல்லறை எங்க இருக்கு?"

அவளுடைய அப்பா ஒடிசாவிலிருந்து வந்து இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்பவர். என்னிடம் உடனே பதில் இல்லை. சற்று யோசித்து, "கல் வெட்ட வசதி இருந்தவர்களின் பெயர்தான் கல்லில் இருக்கும்மா" என்றேன். அவள் தன் நோட்டில் வரைந்திருந்த சின்னத்தின் பக்கத்தில் வெறும் கட்டம் ஒன்றைப் போட்டு வைத்தாள். பாடநூலில் நான் எத்தனை முறை நடத்தியும் வராத வரலாறு அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டது.

சீனாவின் கடற்கரை நகரமான சிங்தாவில் ஜெர்மானியர்கள் 1914 வரை ஆண்டபோது எழுப்பிய கட்டடங்களைப் பார்க்க இன்று பயணிகள் குவிகிறார்கள். அங்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: கட்டியவர் யார், சுமந்தவர் யார், பெயர் யாருக்கு?

அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் முதலில் வேண்டும். வெயில் ஏறுமுன் கல்லறைத் தோட்டத்தை முடித்துவிடுங்கள். கற்களின் மேல் ஏறவோ, எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்க்கவோ விடாதீர்கள். மறுநாள் வகுப்பில், "நம் ஊர்த் தொழிற்சாலைப் பொருள்கள் எங்கே போகின்றன? செய்தவர் பெயர் அதில் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.