சேவை ஆச்சா?

ஸ்ரீரங்கம் உத்தர வீதித் திண்ணையிலிருந்து ஒருவர் "சேவை ஆச்சா?" என்று குரல் கொடுத்தால், அன்று அதற்கு ஒரே பொருள்தான்: பெருமாளைப் பார்த்தாயிற்றா? மலைக்கோட்டையிலிருந்து இறங்குபவர் "சாமி கும்பிட்டேன்" என்பார். ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கே திருவானைக்காவலில் "தரிசனம்". ஸ்ரீரங்கத்தில் மட்டும் "சேவிச்சேன்".

வடமொழியில் 'சேவா' என்றால் பணிவிடை. ரங்கனை நின்று பார்ப்பதே ஒரு பணிவிடை என்று இந்த ஊர் எடுத்துக்கொண்டது. விடியலில் பசுவும் யானையும் வந்து நிற்கும் விஸ்வரூப சேவை, வைகுண்ட ஏகாதசி விழாவில் முத்தங்கி சேவை, பங்குனி உத்திரத்தன்று தாயாரும் உற்சவர் நம்பெருமாளும் சேர்ந்திருக்கும் சேர்த்தி சேவை எல்லாமே கண்ணுக்கானவை. ஆனி மாதத் தைலக்காப்புக்குப் பிறகு சில வாரங்கள் திருவடி திரைக்குள் இருக்கும். "இப்போ திருவடி சேவை இல்லை" என்று வீதியிலேயே சொல்லிவிடுவார்கள். பிரபந்தம் ஓதுவதும் 'சேவிப்பது'தான். அடுக்களையில் நாழியில் பிழியும் சேவை மட்டும் வேறு கணக்கு!

மூலவர் பெரிய பெருமாள் மேற்கே தலைவைத்துக் கிழக்கே கால்நீட்டித் தெற்கு நோக்கிக் கிடக்கிறார். எதிரே நிற்பவருக்குத் திருவடி வலப்பக்கம். "திருவடியிலேர்ந்து சேவிக்கணும்டா, மொகம் எங்கே போயிடப்போறது?" என்பாள் பாட்டி. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் 'அமலனாதிபிரா'னின் 10 பாசுரங்களில் திருவடியில் தொடங்கித்தான் மேலேறுகிறார்.

இன்று சேவை என்றால் பேரனுக்கு நினைவு வருவது வருவாய்ச் சான்றிதழ் வாங்கும் இ-சேவை மையம், கைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை, 2017 ஜூலை முதல் ஹோட்டல் பில்லின் அடியில் வரும் சரக்கு மற்றும் சேவை வரி. கோயில் வரிசையிலும் 'கட்டண தரிசனம்' என்றே பேச்சு. அன்று சேவை நாம் செய்வது. இன்று நாம் பெறுவது, பெரும்பாலும் ரசீதோடு.

போன மாதம் நானும் வரிசையில் நின்றேன். சந்நிதியில் "நகருங்க, நகருங்க" என்ற குரல். கிடைத்த நொடியில் கண் நேராக முகத்துக்கு ஓடிவிட்டது. வெளியே வந்து கொடிமரத்தடியில் விழுந்து எழும்போதுதான் உறைத்தது: பார்த்துவிட்டேன், சேவிக்கவில்லை.