தராசு சொல்லும் கணக்கு: வீட்டு இன்குபேட்டரில் கின்னிக்கோழிக் குஞ்சு

"இயற்கை விவசாயிக்கு எதுக்கு சார் மெஷின்? நாட்டுக்கோழியை அடை வச்சா போதாதா?" கின்னிக்கோழி பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தால் 12 முதல் 15 கின்னி முட்டை வைக்கலாம், நன்றாகவே பொரிக்கும். ஆனால் நமக்கு முட்டை சேரும் நேரத்தில் அது அடைக்கு வரணுமே! கோழி முட்டைக்கு 21 நாள், கின்னிக்கு 26 முதல் 28 நாள். சில கோழிகள் பழைய கணக்கிலேயே எழுந்து போய்விடும்.

சரி, கின்னிக்கோழியே பொரிக்கட்டுமே என்றால், அது வேலி ஓரப் புதரில் போய் உட்காரும். கீரியும் நாயும் முட்டையைத் தேடி வரும். தப்பிப் பொரித்தாலும், பனி நனைந்த புல்லில் குஞ்சுகளை விடியற்காலையிலேயே இழுத்துக்கொண்டு போகும். ஈரம் பட்ட கின்னிக்குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

ஆகவே பலர் ஒவ்வொரு தடவையும் வியாபாரியிடம் குஞ்சு வாங்குகிறார்கள். விதை நெல்லை வெளியே வாங்கக்கூடாது என்று சொல்கிற நாம், குஞ்சுக்கு மட்டும் ஏன் கையேந்தணும்? நம் தோட்டத்து வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற கோழிகளின் முட்டைதான் நமக்கு நல்ல விதை. அதைப் பொரிக்க ஒரு தெர்மோகோல் பெட்டி, குண்டு பல்பு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சின்ன ஃபேன், தண்ணீர்த் தட்டு போதும்.

முட்டை எடுப்பதில் கவனம்

தினமும் முட்டை எடுங்கள், ஆனால் கூட்டைச் சுத்தமாகக் காலி செய்யாதீர்கள். நாலைந்து முட்டையில் அடையாளம் போட்டு அங்கேயே விடணும். இல்லாவிட்டால் கோழி இடம் மாற்றிவிடும். 4 அல்லது 5 பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கணும். அழுக்கு முட்டை, விரிசல் முட்டை வேண்டாம். முட்டையைக் கழுவவும் வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் அடுக்கி, 7 நாளுக்குள் மெஷினில் வைத்துவிடுங்கள்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லையென்றால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 வரை. தெர்மோமீட்டரை நம்புவதற்கு முன், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டரோடு ஒப்பிடுங்கள். நமக்கு வேண்டிய இந்த அளவில் அதுதான் துல்லியம். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, ஒரு நாளைக்கு 3 அல்லது 5 தடவை திருப்புங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் இரவு நீண்ட நேரம் ஒரே பக்கத்தில் தினமும் கிடக்காது. திருப்பாத முட்டையில் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

ஈரம்தான் சூட்சுமம்

வெப்பத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாவது பெரும்பாலும் ஈரக்கணக்கு தப்பும்போதுதான். அடையில் இருக்கும் முட்டை ஓட்டின் நுண்துளை வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கணும். இழந்த இடத்தில்தான் அகலமுனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்த அறையில்தான். கின்னி முட்டையின் ஓடு தடிமன், நீர் மெதுவாகத்தான் வெளியேறும். பெட்டியில் ஈரம் அதிகமானால் காற்றறை சின்னதாகிவிடும், குஞ்சு வீங்கி மூச்சு முட்டிச் சாகும். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுக்கிவிடும்.

ஈரப்பதம் 55 முதல் 60 சதம் என்று சொல்வார்கள். ஆனால் மலிவான மீட்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்லும். நாகப்பட்டினத்து ஐப்பசி மழையும் விருதுநகர் சித்திரை வெயிலும் ஒன்றா? அதனால் முட்டையையே மீட்டராக வையுங்கள். சமையலறைத் தராசு போதும்.

முதல் நாளே ஒவ்வொரு முட்டையின் எடையையும் ஓட்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். ஒரு முட்டை சுமார் 40 கிராம், பத்து முட்டை 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 25ஆம் நாளுக்குள் சுமார் 12 சதம் குறையணும், அதாவது 48 கிராம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 7ஆம் நாள் 386, 14ஆம் நாள் 373, 21ஆம் நாள் 360, 25ஆம் நாள் 352 கிராம் அளவில் இருந்தால் கணக்கு நேர். எடை வேகமாகக் குறைந்தால் அகலமான தண்ணீர்த் தட்டு வையுங்கள். குறையவே இல்லையென்றால் தட்டைச் சின்னதாக்குங்கள், மழைக்காலத்தில் எடுத்தேகூட விடலாம். தண்ணீரின் ஆழம் முக்கியமில்லை, பரப்புதான் முக்கியம்.

10ஆம் நாள் இருட்டறையில் நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சை அகலமுனையில் வைத்துப் பாருங்கள். ஓடு தடிமன் என்பதால் சாதா டார்ச் உதவாது. சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறுமனே தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை, எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் முட்டைகளின் முதல்நாள் எடையோடுதான் ஒப்பிடணும். ஓட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

கரண்டு போனால் பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் பெட்டிமேல் போர்வை போடுங்கள். நேரம் நீண்டால் வெந்நீர் பாட்டிலை முட்டைமேல் படாமல் உள்ளே வையுங்கள். சிறிது நேரக் குளிர்ச்சியை முட்டை தாங்கும். தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு 40 டிகிரியைத் தாண்டினால் தாங்காது.

கடைசி மூன்று நாள்

25ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதமாக ஏற்றுங்கள். முட்டைக்குக் கீழே சாக்கு விரியுங்கள், வழுக்கும் தரையில் குஞ்சின் கால் விரிந்துபோகும். ஓட்டில் துளை விழுந்த பிறகு குஞ்சு பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, சும்மா கிடக்கும். மீதமுள்ள மஞ்சள்கருவையும் ரத்தத்தையும் அது உள்ளிழுக்கும் நேரம் அது. ஆசையில் மூடியைத் திறந்தால் ஈரம் போய்விடும். கையால் உரித்தால் ரத்தம் கசியும். பொரித்த குஞ்சு இரண்டு நாள் தீனியில்லாமலே இருக்கும், அவசரமில்லை.

வெளியே எடுத்ததும் முதல் வாரம் 35 டிகிரி வெப்பம், பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையேல் குஞ்சு விழுந்து மூழ்கும். தீனியில் புரதம் 24 சதமாவது வேண்டும். பானையில் பழைய சாக்கும் காய்ந்த சாணமும் வைத்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வளர்க்கும் கரையான் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. பொரிக்காத முட்டையைக் குப்பையில் எறியாமல் உடைத்துப் பாருங்கள். கரு கூடாதவை அதிகம் என்றால் சேவலையும் முட்டை வைத்திருந்த நாளையும் பாருங்கள், மெஷினைக் குறை சொல்லாதீர்கள். முழுக்குஞ்சு வீங்கிச் செத்திருந்தால் ஈரம் அதிகம், காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரம் குறைவு. 26ஆம் நாளுக்கு முன்பே பொரித்தால் வெப்பம் அதிகம், 28 தாண்டி இழுத்தால் குறைவு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த அடைக்குத் தட்டை எவ்வளவு பெரிதாக வைப்பது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.