கணையத்தில் கல் இருப்பவர்கள் கவனத்துக்கு

கணையப் புற்றுநோய் என்றாலே கைவிரிப்பவர்கள்தான் அதிகம். முற்றிய பிறகே அது தெரியவருகிறது என்பது உண்மை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டியை அறுத்து எடுக்க முடிகிறது. ஆனால் இது எல்லோரையும் ஒரே அளவில் நெருங்கும் நோய் அல்ல. யாருக்கு அபாயம் அதிகம் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். அந்தச் சிலருக்குக் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் எப்படிப்பட்ட கவனிப்பு வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

இளவயதுக் கணையக் கல்

மதுவைத் தொட்டே அறியாத இருபது வயதுப் பிள்ளைக்கு மேல்வயிற்றில் வலி வரும். முதுகு வரை இழுக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு போகும். சில ஆண்டுகளில் சர்க்கரையும் வந்துவிடும். ஸ்கேன் எடுத்தால் கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் தெரியும். வெப்பமண்டலக் கணைய அழற்சி எனப்படும் இந்த நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் பல காலமாக அறியப்பட்டது.

சென்னையில் ஒரு நீரிழிவு மையத்துக்கு வந்த இத்தகைய 185 பேரை டாக்டர்கள் சுரேஷ் சாரி, வி. மோகன், எம். விஸ்வநாதன் உள்ளிட்டோர் தொடர்ந்து கவனித்து, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக நாலரை ஆண்டுகளில் 24 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 6 பேரின் உயிரைப் பறித்தது கணையப் புற்றுநோய். மற்றவர்களைவிட இவர்களுக்கு அபாயம் சுமார் நூறு மடங்கு. நோய் வந்த சராசரி வயதோ நாற்பத்தைந்தை ஒட்டியது. நம் ஊர் மக்களை வைத்தே கண்டறிந்த இந்த உண்மை கிராமங்கள் வரை போய்ச் சேரவில்லையே என்பது என் ஆதங்கம்.

கல்லும் தழும்பும் நிறைந்த கணையத்தில் புதுக்கட்டியை அடையாளம் காண்பது தேர்ந்த நிபுணருக்கே கடினம். அதனால் வலி இல்லாத காலத்திலும் இரைப்பைக் குடல் நிபுணரின் தொடர்பை விடக்கூடாது. வலியின் தன்மை மாறினாலோ, உடம்பு இளைத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ 'பழைய வலிதானே' என்று மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விட வேண்டும்.

ஐம்பதுக்கு மேல் திடீர்ச் சர்க்கரை

பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற சாரியின் குழு 2005-இல் இன்னொன்றையும் காட்டியது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. ஆகவே சர்க்கரை வந்த எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. சர்க்கரை வந்ததோடு எடையும் காரணமின்றிக் குறைந்தால்தான் மருத்துவரிடம் கணையத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் எடை குறைவதையும் சொல்லுங்கள்.

குடும்பத்தில் இருவருக்கு இருந்தால்

ரத்த உறவில் இரண்டு பேருக்குக் கணையப் புற்றுநோய் வந்த குடும்பங்களும், பிஆர்சிஏ2 போன்ற மரபணு மாற்றம் உள்ளவர்களும் மரபணு ஆலோசனை பெற வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. இவர்களுக்குப் பொதுவாக ஐம்பது வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் செய்வார்கள். அபாயம் இல்லாதவர்களுக்கு இது தேவையில்லை. சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் கூடாது. வெறும் காமாலையிலேயே அது ஏறிவிடும்.

காமாலைக்குக் கீழாநெல்லி

நம் பக்கத்தில் காமாலை என்றதும் கீழாநெல்லிச் சாறு, பத்தியம், நாட்டு மருந்து என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன. வைரஸ் காமாலை பல நேரம் தானாகவே இறங்கும். அந்த நம்பிக்கை அதனால் வந்தது. கணையக் கட்டி பித்தக்குழாயை அடைத்ததால் வரும் காமாலை அப்படி இறங்காது. வலியில்லாமல் நாளுக்கு நாள் ஏறும், உடம்பெல்லாம் அரிக்கும், மலம் வெளுத்துப்போகும். அறுவைக்கு வாய்ப்புள்ள வாரங்கள் இவைதான். முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

எங்கே போவது

சிதம்பரம் அண்ணாமலைநகரில் இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. முதல் பரிசோதனைக்கு அங்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ போகலாம். அடுத்தகட்டத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே குடல் அறுவைக்குத் தனித் துறையும் புற்றுநோய் மையமும் உண்டு. கணையக் கட்டியை அகற்றும் விப்பிள் எனும் பெரிய அறுவையை அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்வதே பாதுகாப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு எங்கே செல்லும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய கல் எது, புதிதாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு அவை தேவைப்படும்.