நின்றால் நடுங்கும் இஞ்சின்

பழைய மாருதி 800 ஒன்று சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நடுங்குகிறது. சில நேரம் ஆஃப் ஆகியும் போகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் நடப்பது ஒன்றுதான். பானெட்டைத் திறந்து கார்ப்ரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகி வேகத்தை ஏற்றிவிடுவார்கள். நடுக்கம் அடங்கும், வண்டிக்காரருக்கும் திருப்தி. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதுதான் மிச்சம்.

வேகத்தை ஏற்றியதும் நடுக்கம் ஏன் மறைகிறது? இதற்கு விடை தெரிந்தால் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்த மாதிரி.

மாருதி 800-இல் இருப்பது 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இஞ்சின். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 850 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும் என்பதால், நொடிக்கு ஏறத்தாழ 21 முறை எரிதல் நடக்கிறது. அதில் ஒன்று தவறினால், அடுத்தது வரும்வரை கிராங்க்கைச் சுழல வைப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான். அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 2,550 சுற்றில் இருக்கும் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்குதான் 850 சுற்றில் கையிருப்பு. ஓடும்போது தெரியாத ஒரு தவறல், நிற்கும்போது உடம்பையே உலுக்குவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் தட்டு அநேகமாக மூடிக்கொள்கிறது. மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதில் பாதிக்கும் கீழே போய்விடும். எரிந்து முடிந்த புகையில் ஒரு பகுதி வெளியேறாமல் சிலிண்டரிலேயே தங்கி, புதிதாக வரும் கலவையோடு சேர்கிறது. தீ மெதுவாகப் பரவுகிறது. ஒரு முறை எரிந்த மாதிரி மறுமுறை எரிவதில்லை. நல்ல இஞ்சினே ஐடிலிங்கில் சமாளித்துத்தான் ஓடுகிறது. அந்த நிலையில் எந்தச் சிறு குறையும் பெரிதாகத் தெரியும்.

ஆகவே ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் காதைக் கொடுங்கள். சீரான தாளத்தில் ஒரு அடி விட்டு விட்டு உதறினால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சந்தேகிக்கலாம். வேகம் தானாக ஏறி, தானாக இறங்கி, மறுபடி ஏறினால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தில் சிக்கல் இருக்கலாம். இஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது, ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்கின்றன என்றால் இஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். மவுண்டிங் கிழிந்ததற்குக் கார்ப்ரேட்டரைக் கழற்றிப்போட்ட கதைகள் ஏராளம்.

மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்குது’ என்பார்களே, பழைய வண்டியில் நான் முதலில் தேடச் சொல்வது அதைத்தான். வெடித்த வாக்குவம் ஹோஸ், காய்ந்துபோன கார்ப்ரேட்டர் கேஸ்கெட் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலிங்கில் உறிஞ்சும் விசை மிக அதிகம்; இஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றோ மிகக் குறைவு. எனவே அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகி, கலவை நீர்த்துப்போகிறது. வேகம் கூடினால் அது மொத்தத்தில் சொற்பம்தான், நடுக்கமும் போய்விடும். கண்டுபிடிக்க ஒரு முழ நீள ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, ஃபேனிலும் பெல்ட்டிலும் படாமல் மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்தினால், கசியும் இடத்தில் ‘உஸ்’ என்ற சத்தம் துல்லியமாகக் கேட்கும். ஒவ்வொரு ஹோஸையும் குறடால் மெல்ல நசுக்கிப் பார்க்கலாம்; எதை நசுக்கும்போது ஓட்டம் சீராகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை. சூடான இஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தீப்பற்ற ஒரு பொறி போதும்.

காற்றில் குறையில்லை என்றால் அடுத்தது பிளக். மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. ஒன்று மட்டும் மற்ற இரண்டைப்போல் இல்லாவிட்டால், கோளாறு அந்த சிலிண்டரில்தான். அதன் பிளக்கை இன்னொன்றோடு இடம் மாற்றிப் போட்டால் மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் பிளக்தான் காரணம். மாறாவிட்டால் பிளக் கேபிள், டேப்பெட் இடைவெளி, வால்வு, கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

வால்வுக் கோளாறைப் பிடிக்க, மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜைவிடச் சிறந்த எளிய கருவி இல்லை. அது பட்டறைகளில் அருகிவிட்டது வருத்தமான விஷயம். சமவெளியில் நல்ல இஞ்சின் ஐடிலிங்கில் சுமார் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். முள் அசையாமல் நிற்கும். முள் அசையாமல் தாழ்ந்தே நின்றால் காற்றுக் கசிவோ பிந்திய டைமிங்கோ இருக்கலாம். ஒரே இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மலையில் மட்டும் கணக்கு வேறு: மேட்டுப்பாளையத்தில் 19 காட்டிய இஞ்சின் ஊட்டியில் 13-தான் காட்டும். அது கோளாறில்லை, அங்கே காற்றழுத்தம் குறைவு.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்று பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆக்சிஜன் சென்சார் உள்ள ஊசி முறை (இன்ஜெக்ஷன்) இஞ்சின் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 2000 வாக்கில் அந்த முறை வருவதற்கு முந்தைய கார்ப்ரேட்டர் மாருதிக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை அதே அளவுதான், ஆகவே கலவை 8 சதவீதம் வரை நீர்க்கிறது. கூடவே எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், டேங்கில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். ஊசி முனை அளவே உள்ள ஸ்லோ ஜெட் அடைபட இது போதும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுப்பது அந்த ஜெட். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் ஹோஸையும் புதிய ஃபில்டரையும் போட்டு, ஸ்லோ ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்வது நல்லது. துளைக்குள் கம்பியை விட்டுக் குடையக் கூடாது, துளை பெரிதாகிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ. இஞ்சின் முழுச் சூடேறி ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கட்டும். ஏர் ஃபில்டர் மாட்டியிருக்கட்டும். ஏசி, விளக்கு எதுவும் வேண்டாம். வண்டிக்கான சர்வீஸ் கையேடு சொல்லும் வேகத்துக்கு ஸ்க்ரூவை வைத்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். ஆல்டர்னேட்டர் சுமையில் இஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு சீராக ஓடினால் வேலை முடிந்தது. திணறினால் மறுபடி ரப்பர் குழாயை எடுக்க வேண்டியதுதான்.